ராக்கெட் காற்றை நோக்கித் திரும்பும்

எங்கள் பக்கத்தில் கடலை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவோம்: வடகடல், தென்கடல். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே நிலம் அவ்வளவு ஒடுக்கம். வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வந்தால் எல்லாம் மாறும். அப்பா வல்லத்தில் தொழிலுக்குப் போனவர். விடியுமுன் வாசலில் நின்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். எந்தக் காதில் காற்று இரைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வலையைத் தூக்குவார். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. பீரங்கிப் படையின் ராக்கெட் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்த பிறகும், காலையில் வாசலுக்கு வந்தால் முதலில் காற்றைத்தான் பார்க்கிறேன்.

2025 டிசம்பர் 29ஆம் தேதி ஒடிசாவின் சாந்திப்பூரில் நம் பீரங்கிப் படையின் பினாகா வரிசையில் நீள்தூர வழிகாட்டு ராக்கெட்டை, அதாவது போகிற வழியில் தன்னைத் திருத்திக்கொள்கிற ராக்கெட்டை, முதன்முறையாக ஏவினார்கள். 120 கிலோமீட்டர் போய் இலக்கில் விழுந்தது. ராணுவத் தேர்வுக்காகச் சாயங்காலம் கடற்கரையில் ஓட வரும் பையன்கள் சிலருக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். மறுநாள் ஒருவன் போனை நீட்டினான்.

"அண்ணே, நம்ம ராம்நாட்டுலருந்து அடிச்சா மதுரை வரைக்கும் போகுமாண்ணே?"

"போகும்டா."

"அடேயப்பா!"

"சரி, மதுரைல எங்க விழும்?"

அவன் பேசாமல் நின்றான். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கேள்விக்கே போனது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தூரம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மனதில் நிற்கும். ரஷ்யாவின் கிராட் ராக்கெட் 20 கிலோமீட்டர் போகும், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற மாதிரி. பினாகாவின் முதல் வகை 38 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டு பினாகா 75 கிலோமீட்டர். சாலை வழியாகத் தனுஷ்கோடியையே எட்டிவிடலாம். இப்போது வந்திருப்பது 120.

அடுத்தது கோணம். ஏவும்போது திசையில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் 20 கிலோமீட்டரில் 350 மீட்டர் தள்ளி விழும். 38 கிலோமீட்டரில் 660 மீட்டர். 120 கிலோமீட்டரில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். மாட்டுத்தாவணியைக் குறிவைத்தது பக்கத்துக் குடியிருப்பில் விழும். பிசகு அதே ஒரு டிகிரிதான். தூரம் கூடக் கூட அந்தச் சின்னப் பிசகுக்குக் கொடுக்கிற விலை ஏறிக்கொண்டே போகிறது.

நான் முதலில் வேலை பார்த்தது கிராடில். லாரியின் முதுகில் 122 மில்லிமீட்டர் குழாய்கள் நாற்பது. ஒரு ராக்கெட் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம், 66 கிலோ எடை. இரண்டு பேர் தோளில் வைத்துத் தூக்கிக் குழாய்க்குள் தள்ளுவோம். நாற்பதும் 20 நொடியில் போய்விடும். ராஜஸ்தான் மணலில் முதல்முறை பார்த்தபோது, சத்தத்தைவிட லாரிக்குப் பின்னால் எழுந்த புழுதிச்சுவர்தான் என்னை மிரட்டியது. பீரங்கிக்கு உதைப்பு உண்டு, அதனால் கனத்த இரும்பு வேண்டும். ராக்கெட்டுக்கு உதைப்பு கிடையாது, நெருப்பு பின்பக்கமாகப் போய்விடும். அதனால்தான் சாதாரண லாரியில் நாற்பது குழாயைக் கட்ட முடிகிறது. ஆனால் அந்தப் புழுதியும் புகையும் நாம் இருக்கிற இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அடித்த கையோடு இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

சில வருடம் கழித்து என்னை டி.ஏ. வேலைக்கு எடுத்தார்கள். டெக்னிக்கல் அசிஸ்டென்ட், அதாவது கணக்குப் பார்க்கிறவன். வரைபடம், தூரம், உயரம், காற்றின் வேகம், காற்றின் வெப்பம், ராக்கெட் மருந்தின் வெப்பம் என்று எல்லாம் அட்டவணையில் ஏறும். மருந்தின் வெப்பம் எதற்கு என்று நானும் முதலில் கேட்டேன். வெயிலில் கிடந்த மருந்து வேகமாக எரியும், குளிரில் கிடந்தது மெதுவாக எரியும். ஒரே ராக்கெட், ஒரே கோணம், இருந்தாலும் மே மாதம் விழுகிற இடம் ஜனவரியில் விழுகிற இடமாக இருக்காது.

அங்கேதான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. ஒரு பயிற்சியில் விடிகாலை பலூன் விட்டு எடுத்த வானிலைக் குறிப்பை வைத்துக் கணக்குப் போட்டேன். சுடும் உத்தரவு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. பாலைவனத்தில் அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. என் கன்னத்தில் அது தெரிந்தது. ஆனாலும் கையிலிருந்த தாளைத்தான் நம்பினேன். எல்லா ராக்கெட்டும் சேர்ந்தாற்போல் ஒரு பக்கமாக ஒதுங்கி விழுந்தன. வெற்று மணல் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் சுபேதார் திட்டவில்லை. "காற்று மாறினது உனக்குத் தெரிஞ்சுதா?" என்று மட்டும் இந்தியில் கேட்டார். தெரிந்தது என்றேன். "அப்புறம் ஏன் சொல்லலை?" என்றார். அன்றிலிருந்து பழைய தாளில் கணக்குப் போட்டதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். அளவு எடுத்த நேரத்தைப் பாருங்கள். மனதில் சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், மேலே இருப்பவர் யாராக இருந்தாலும்.

அதைவிட ஆச்சரியம், ராக்கெட் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்பது. காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மருந்து எரிந்துகொண்டிருக்கிற அந்தச் சில நொடியில் வால் சிறகுள்ள ராக்கெட் காற்று வருகிற பக்கமாகவே மூக்கைத் திருப்பும். நங்கூரம் போட்ட வல்லத்தைப் பார்த்திருப்பீர்களே, காற்றை எதிர்த்து அணியத்தை, அதாவது முன்முனையை, திருப்பிக்கொண்டு நிற்கும். அதே கதைதான். வாலில் காற்று பட்டு வால் ஒதுங்கினால், மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். மூக்கு போகிற பக்கம் நெருப்பும் தள்ளும். மருந்து தீர்ந்த பிறகுதான் காற்று தான் போகிற பக்கமாகத் தள்ள ஆரம்பிக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட ராத்திரி அப்பாவுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுச் சொன்னேன். "அதான, அணியம் காத்துக்குத்தான் திரும்பும்" என்றார், ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம் மாதிரி.

இந்த ஆயுதத்தின் கதையே மூக்கை நேராக வைத்திருக்கப் பட்ட பாடுதான் என்று எனக்குத் தோன்றும். ஐதர் அலியும் திப்புவும் இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தார்கள். அதற்கு முன் இருந்த காகித உறை அவ்வளவு அழுத்தம் தாங்காது. இரும்பு தாங்கியதால் தூரம் கூடியது. நேராகப் போவதற்கு நீளமான மூங்கிலைக் கட்டினார்கள். 1780இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை தோற்றதில் அந்த ராக்கெட்டுகளுக்கும் பங்கு உண்டு. கர்நாடகத்தின் நகரா கிராமத்தில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து 2018இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்தக் கால ராக்கெட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள். இங்கிலாந்தில் காங்கிரீவ் அந்தத் தொழிலை எடுத்து வளர்த்தார், குச்சியை அப்படியே வைத்துக்கொண்டார். 1844இல் வில்லியம் ஹேல்தான் குச்சியை எடுத்துவிட்டு ராக்கெட்டைச் சுழல வைத்தார். பம்பரம் சுற்றுகிறவரை சாயாது அல்லவா.

1941 ஜூலை 14ஆம் தேதி ஓர்ஷா ரயில் நிலையத்தின்மீது சோவியத் படை கத்யூஷாவை முதன்முறை வீசியது. அது எட்டரை கிலோமீட்டர்கூட முழுதாகப் போகாது. எங்கே விழும் என்று நிச்சயம் இல்லாததால்தான் ஒன்றுக்குப் பதிலாகப் பதினாறை வீசினார்கள். 1963இல் வந்த கிராட் குழாய்க்குள் ஒரு திருகு தடம் வைத்து ராக்கெட்டைச் சுழற்றி அனுப்பியது, வெளியே வந்ததும் மடக்கிய சிறகு விரியும். பதினாறு நாற்பதாக ஆனது. 1980களின் கடைசியில் வந்த ஸ்மெர்ச் 300 மில்லிமீட்டர் ராக்கெட். அதில்தான் பறக்க ஆரம்பித்த முதல் சில நொடியில் மூக்கு விலகுவதைத் தானே உணர்ந்து திருத்துகிற கருவி வந்தது. அது 70, 90 கிலோமீட்டர் போக முடிந்ததற்கு அந்தத் திருத்தமும் ஒரு காரணம். அவ்வளவு தூரம் போய்விட்டு எங்கோ விழுந்தால் என்ன பயன்?

பினாகா வேலை 1986இல் புனேயில் உள்ள ஏ.ஆர்.டி.இ. என்ற ஆயுத ஆய்வகத்தில் தொடங்கியது. 214 மில்லிமீட்டர், வண்டிக்கு 12 ராக்கெட், அத்தனையும் 44 நொடியில் போய்விடும். கார்கிலில் 1999இல் பயன்பட்டது. நான் அங்கே இல்லை. இருந்த மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே ஒரு திருத்தம். எங்கள் ஊரில் எந்த ராக்கெட்டைக் கண்டாலும் கலாம் ஐயா செய்தது என்று சொல்லிவிடுவார்கள். பேய்க்கரும்பில் அவர் நினைவிடத்தைத் தாண்டும்போது நானும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். ஆனால் பினாகா அந்த ஆயுத ஆய்வகத்தின் உழைப்பு, வேறு ஆட்களின் வியர்வை. அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்துப் பூரித்துப்போனதாகச் சொன்னவர் அவர். அந்த உழைப்புக்கு உரிய பெயரைக் கொடுப்பதை அவரும் விரும்பியிருப்பார்.

வழிகாட்டு பினாகாவில் முன்பக்கம் சின்னச் சிறகுகள் இருக்கும். உள்ளே அசைவை அளக்கும் கருவியும் செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கும் கருவியும் இருக்கும். ராக்கெட் போகிற வழியிலேயே விலகலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். நான் தாளில் போட்ட கணக்கை இப்போது அது வானத்திலேயே, நொடிக்குப் பல தடவை போட்டுக்கொள்கிறது. செய்தியில் '120 கிலோமீட்டர்' என்று பார்த்தால் அதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு அருகில் விழுந்தது, வழிகாட்டியதா இல்லையா என்று தேடிப் பாருங்கள். அந்த இரண்டும் இல்லாத தூரம் பாதிச் செய்திதான்.

எனக்கு இது கணக்காக மட்டும் இருந்த காலம் ஒன்று உண்டு. அதை மாற்றியவர் மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஒரு அக்கா. யாழ்ப்பாணம் பக்கத்துத் தென்மராட்சிக்காரர், 2006இல் படகில் வந்து இறங்கியவர். பேரன் என்னிடம் ஓட வருகிறான். ஒருநாள் அவனைக் கூட்டிப்போக வந்தவர், நான் என்ன வேலையில் இருந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"என்ன றொக்கட் தம்பி? பல்குழலோ?"

"ஆமாக்கா. நாப்பது குழாய்."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். "நாங்கள் பங்கருக்குள்ள இருந்து எண்ணுவம் தம்பி. முதலாவது விழுந்த இடத்தை வச்சு மற்றது எங்க விழும் எண்டு சொல்லேலாது. நாப்பது எண்ணி முடிஞ்சாத்தான் மூச்சு விடுறது. சில நேரம் எண்ணிக்கை பிழைச்சுப் போகும். அப்ப திரும்பவும் பயம்."

இலங்கை ராணுவம் 2000இல் வாங்கியது ஆர்.எம்.-70. வண்டி செக்கோஸ்லோவாக்கிய வடிவமைப்பு. ஆனால் குழாய் நாற்பது, ராக்கெட் அதே 122 மில்லிமீட்டர். என் தோளில் தூக்கிய அதே அளவு. எவ்வளவு சிதறி விழும் என்பதற்கு அட்டவணையில் 'பரவல்' என்று நான் படித்த எண் இந்த அக்காவுக்கு வேறொன்று. முதல் சத்தத்துக்கும் நாற்பதாவது சத்தத்துக்கும் நடுவில் ஒரு குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்திருந்த நேரம் அது.

ராக்கெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லையில் நின்றவன் அப்படிச் சொல்ல மாட்டேன். எதிரியின் பீரங்கி நம் பையன்கள்மேல் விழுகிறபோது அதை நிறுத்த நம்மிடமும் ஒன்று வேண்டும். ஆனால் தூரத்தைக் கூட்டுகிறவர்கள் துல்லியத்தையும் அதே அளவு கூட்டியாக வேண்டும், ஆட்கள் குடியிருக்கிற பக்கம் பரவலாக விழுகிற ஆயுதத்தைத் திருப்பவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. அந்த அக்கா எண்ணிய எண்ணிக்கைக்குப் பிறகு அது எனக்கு உறுதியாகிவிட்டது.

ராக்கெட் என்றதும் பையன்களுக்குச் செய்து பார்க்கும் ஆசை வரும், தப்பில்லை. ஆனால் மருந்து பக்கமே போகக் கூடாது. என்னோடு எட்டாவது படித்தவன் பட்டாசு மருந்தை ஒரு குழாயில் அடைக்கப்போய் வலது கையில் இரண்டு விரலை இழந்தான். இன்றைக்கும் வலை கோர்க்கும்போது இடது கையால்தான் ஊசியைப் பிடிக்கிறான். தண்ணீர் ராக்கெட் போதும். அதிலேயே மேலே சொன்னது அத்தனையும் தெரிந்துவிடும்.

கோலா, சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும். தண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. கண்ணாடியோ உலோகமோ எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். சைக்கிள் டியூப்பின் வால்வைப் பொருத்திய ரப்பர் அடைப்பு, அழுத்தம் காட்டுகிற பம்பு, கயிற்றை இழுத்தால் விடுபடுகிற கொக்கி. 40 பவுண்டு காற்றோடு நிறுத்திவிடுவோம். பழைய பிளெக்ஸ் அட்டையில் மூன்று சிறகு, மூக்கில் ஒரு உருண்டை களிமண். பாட்டிலின் எடை நிற்கிற இடத்தில் கயிறு கட்டித் தலைக்குமேல் சுற்றிப் பார்க்க வேண்டும். மூக்கு முன்னால் வந்தால் சரி. தடுமாறினால் களிமண் போதவில்லை. ஏவும்போது எல்லோரும் நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். காற்று ஏற்றியபின் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது.

ஜனவரியில் வடகடற்கரையில் செய்தோம். வாடை கடலிலிருந்து கரைக்கு நேராக வீசியது. எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டேன். எல்லோரும் கரைப்பக்கம் கையைக் காட்டினார்கள். பாட்டில் கடலை நோக்கிச் சாய்ந்து ஏறியது. 'ஓ' என்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர் தீர்ந்ததும் மேலே தடுமாறி, காற்றோடு கரைப்பக்கம் திரும்பி வந்து விழுந்தது. பத்துமுறை ஏவினோம். விழுந்த இடத்திலெல்லாம் ஒரு சிப்பியை வைத்தோம். ஒரே பாட்டில், ஒரே தண்ணீர், ஒரே அழுத்தம். பத்துச் சிப்பியும் பத்து இடத்தில். இரண்டு ஈரமணலில், ஒன்று வல்லத்துக்கடியில், ஒன்று வேலிக்கருவைப் பக்கம். முகாம் பையன் சிப்பிகளுக்கு நடுவே காலால் ஒரு வட்டம் போட்டான். எல்லாச் சிப்பியும் உள்ளே வர மூன்றுமுறை அழித்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அவனிடம் நான் எதுவும் விளக்கவில்லை.

வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. காது. என் இடது காதில் இரவெல்லாம் ஒரு கொசு பாடுகிற மாதிரி சத்தம். இளவயதில் காதடைப்பு வைப்பதை அலட்சியமாக நினைத்ததன் விளைவு. படையில் சேருகிறவர்கள் ஒரு முறைகூட அதை விடாதீர்கள். ஓய்வு பெறும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் காதில் உள்ள குறையை வாய்விட்டுச் சொல்லிப் பதிய வையுங்கள். நான் ஊருக்கு வரும் அவசரத்தில் சொல்லாமல் விட்டேன். பிறகு பதிவு இல்லை என்று பல படி ஏறி இறங்க வேண்டியிருந்தது.

கரையில் கிடைக்கிற இரும்புப் பொருள். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தன. நம் கரையில் அப்படி எதுவும் எப்போதும் வெளிப்படலாம். துருப்பிடித்துவிட்டால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பழைய மருந்து புது மருந்தைவிட மோசமானது. தட்டாமல், தூக்காமல், வலையில் சிக்கியிருந்தால் வலையை அறுத்துவிட்டு, 1093க்கோ 112க்கோ போன் போடுங்கள். வலை போனால் போகட்டும்.

இந்தத் துறைக்கே போக வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு: துப்பாக்கி பிடிப்பது மட்டும் வழியில்லை. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வில் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு டெக்னீசியன் வேலை உண்டு, பொறியியல் படித்தவர்கள் கேட் தேர்வு மதிப்பெண்ணோடு விஞ்ஞானியாக விண்ணப்பிக்கலாம். ராக்கெட் உறையில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவரும், மருந்து ஊற்றுகிறவரும், காற்றை அளக்கிறவரும் வேண்டும். எங்கள் பிரிவில் கீழே தவறி விழுந்த ராக்கெட்டை, கீறலே தெரியாவிட்டாலும், ஏற்ற மாட்டோம். ஒதுக்கி வைத்து எழுதிக் கொடுத்துவிடுவோம். உள்ளே மருந்தில் விரிசல் விழுந்திருந்தால் எரிகிற பரப்பு கூடி, அது குழாய்க்குள்ளேயே வெடிக்கும். தவறி விழுந்ததை மறைக்காமல் சொல்கிற ஆள்தான் இந்த வேலைக்கு வேண்டும். கணக்கு கொஞ்சம் குறைவாக இருந்தால்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கச்சான் பிடித்த பிறகு தென்கடற்கரையில் ஒருமுறை ஏவிப் பார்க்கப் போகிறோம், சிறகு இல்லாமல் ஒன்று, சிறகைச் சற்றே சாய்த்துச் சுழல வைத்து ஒன்று. வருகிறவர்கள் இரண்டு லிட்டர் சோடா பாட்டில் கொண்டு வாருங்கள், நசுங்காததாக. சிப்பி அங்கேயே கிடைக்கும்.